மார்க்கு வேற, கருத்து வேற: மாற்று வகுப்பறையில பிள்ளைங்க ஒருத்தர் வேலையை ஒருத்தர் பார்க்குற விதம்

திருத்தின பேப்பர் கைக்கு வந்ததும் பிள்ளைங்க மொதல்ல பார்க்கிறது மேல சிவப்பு மையில இருக்கிற நம்பரைத்தான், அடுத்தது பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க நம்பரை, ஓரத்துல டீச்சர் மெனக்கெட்டு எழுதின ரெண்டு வரியைப் படிக்கிறது அதுக்கும் அப்புறம்தான், பல பேர் படிக்கிறதே இல்ல. இதைப் பிள்ளைங்க மேல குறையா சொல்றதுல நியாயமில்ல. நம்பர் போட்டாச்சுன்னா அந்த வேலை முடிஞ்சு போச்சுன்னுதான் எடுத்துக்குவாங்க, முடிஞ்ச வேலையைப் பத்தி என்ன எழுதியிருந்தா என்ன, திரும்ப எழுத வாய்ப்பும் இல்ல, எழுதினாலும் அந்த நம்பர் மாறப் போறதும் இல்ல.

மாற்று வகுப்பறைன்னு சொல்ற இடங்கள், அதாவது ரேங்க் போடாத, மார்க்கைக் குறைச்ச இல்லன்னா சுத்தமா எடுத்துட்ட, பிள்ளைங்களே ஒருத்தர் எழுதினதை ஒருத்தர் படிச்சுக் கருத்து சொல்ற வகுப்புகள், சரிபண்ணப் பார்க்கிறது இந்த ஒரு சிக்கலைத்தான். வெளியிலேர்ந்து பார்க்கிறவங்களுக்கு ரெண்டு சந்தேகம் வரும். மார்க்கே இல்லாம பிள்ளை எந்த அளவுல இருக்குன்னு எப்படித் தெரியும்? தானே இப்பதான் கத்துக்கிட்டிருக்கிற ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு என்ன சொல்லிட முடியும்? ரெண்டுமே சரியான கேள்விங்கதான். என் பக்கம் எதுன்னு இப்பவே சொல்லிடறேன்: பிள்ளைங்க ஒருத்தர் வேலையைப் பத்தி ஒருத்தர் நிறைய பேசணும், அதுக்கு வகுப்பு நேரத்தையே ஒதுக்கணும், ஆனா ஒருத்தருக்கு ஒருத்தர் மார்க் மட்டும் போட வைக்கக் கூடாது. ஏன்னு விளக்கணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

மார்க்ங்கிறது கல்வியோட கூடவே பொறந்த விஷயம்னு நிறைய பேர் நெனைக்கிறோம், அப்படி இல்ல. அமெரிக்காவுல யேல் கல்லூரித் தலைவரா இருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ் 1785-ல தேர்வுக்கு வந்த 58 மாணவர்களை நாலு தரமா பிரிச்சு டைரியில எழுதி வெச்சார், கிடைச்சிருக்கிற பழைய தரப் பட்டியல்கள்ல ஒண்ணா அதைச் சொல்லுவாங்க. மவுண்ட் ஹோல்யோக் கல்லூரியில ஏ, பி, சினு எழுத்துல கிரேடு போட ஆரம்பிச்சது 1897-ல. ஆக இன்னைக்கு நாம இயற்கை விதி மாதிரி நம்புற இந்த ஏற்பாட்டுக்கு வயசு ரொம்ப கம்மி. அதுவும் வந்த கொஞ்ச நாள்லயே கேள்விக்கு உள்ளாயிடுச்சு. 1912-ல ஸ்டார்ச், எலியட்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரே இங்கிலீஷ் விடைத்தாளை நகல் எடுத்து நூத்துக்கும் மேல பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பித் திருத்தித் தரச் சொன்னாங்க, அதே தாளுக்கு ஒரு டீச்சர் 64 போட்டிருக்கார், இன்னொருத்தர் 98 போட்டிருக்கார். மொழிப்பாடம்னா அப்படித்தான், ரசனை சம்பந்தப்பட்டதுன்னு சிலர் சொல்ல, மறு வருஷம் ஜியோமெட்ரி தாளை அனுப்பினாங்க, அதுல வித்தியாசம் இன்னும் மோசம், கீழ 28, மேல 90-ஐயும் தாண்டிப் போச்சு. கணக்குப் பேப்பர்லயே இந்த நிலைமை. ஒருத்தர் விடையை மட்டும் பார்க்கிறார், ஒருத்தர் வழிமுறைக்கும் மார்க் தர்றார், ஒருத்தர் கோணல்மாணலா எழுதினா குறைக்கிறார், ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒவ்வொரு அளவுகோல்.

இன்னொரு கோளாறு சராசரியில இருக்கு, இதைப் பத்தி அதிகம் பேசறதில்ல. ஒரு பிள்ளை ஒரு பாடத்துல நாலு டெஸ்ட் எழுதி 30, 50, 80, 95-னு வாங்குதுன்னு வெச்சுக்குவோம். அது இப்போ அந்தப் பாடத்தை நல்லா கத்துக்கிட்டாச்சு, ஆனா ரிப்போர்ட் கார்டுல ஏறுற சராசரி 64 கூட வராது. முதல்லேர்ந்தே தெரிஞ்சிருந்த பிள்ளைக்கு 95, போராடிக் கத்துக்கிட்ட பிள்ளைக்கு 64-ன்னா, அந்த நம்பர் கத்துக்கிட்டதைக் காட்டல, கத்துக்க எவ்வளவு நாளாச்சுங்கிறதுக்குத் தண்டனை குடுக்குது.

மார்க்கும் இருக்கட்டும், கூடவே நல்லா கருத்தும் எழுதிடலாமேன்னு தோணும். எனக்கும் அதுதான் இயல்பா தோணுற நடு வழியா பட்டுது, ஆனா ரூத் பட்லர் 1988-ல வெளியிட்ட ஆய்வு அந்த வழியையே சந்தேகப்பட வைக்குது. அஞ்சாவது ஆறாவது படிக்கிற பிள்ளைங்களை மூணு குழுவா பிரிச்சாங்க, ஒரு குழுவுக்கு வெறும் மார்க், ஒண்ணுக்கு வெறும் கருத்து, ஒண்ணுக்கு ரெண்டும். வெறும் கருத்து வாங்கினவங்க அடுத்தடுத்த வேலையை நல்லா பண்ணினாங்க, ஆர்வமும் குறையல. மத்த ரெண்டு குழுவுலயும் சரிவு. ரெண்டையும் வாங்கின குழு, கருத்து வாங்கின குழு மாதிரி வரும்னு எதிர்பார்த்தா, அது மார்க் மட்டும் வாங்கின குழு பக்கம்தான் போய் நின்னுச்சு. மார்க் பக்கத்துல வந்ததும் கருத்தோட பலன் போயிடுது. மாற்று வகுப்பறைகள்ல ரெண்டையும் வேற வேற நாள்ல வெக்கிறதுக்கும், சில இடங்கள்ல மார்க்கே போடாம விடுறதுக்கும் பின்னாடி இருக்கிற முக்கியமான காரணம் இதுதான்.

அதுக்காகக் கருத்துன்னு எதைச் சொன்னாலும் நல்லதுன்னு ஆகிடாது. க்ளூகர், டெனிசினு ரெண்டு பேர் 1996-ல ஃபீட்பேக் பத்தின பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தாங்க, 607 கணக்கீடுகள். மொத்தத்துல ஃபீட்பேக் உதவுதுன்னு வந்தாலும் மூணுல ஒரு பங்குக்கு மேல ஃபீட்பேக் குடுத்ததுக்கப்புறம் செயல்திறன் குறைஞ்சிருக்கு! கவனம் வேலையை விட்டு ஆளு மேல திரும்புறப்போ அது கெடுதலா முடியுதுன்னு அவங்க விளக்கினாங்க. "நீ கெட்டிக்காரி"ங்கிறது கூட இந்த வகைதான், கேக்க நல்லா இருக்கும், ஆனா அடுத்து என்ன பண்றதுன்னு அதுல ஒண்ணும் இல்ல. ஹாட்டியும் டிம்பர்லியும் 2007-ல எழுதினதுலயும் ஆளைப் பாராட்டுறது கத்துக்கிறதுக்குக் குறைவாத்தான் உதவுதுன்னு வந்துச்சு. எங்க போகணும், இப்போ எங்க இருக்கேன், அடுத்து என்ன, இந்த மூணு கேள்விக்கும் பதில் இருந்தாத்தான் அது உருப்படியான ஃபீட்பேக்னு அவங்க சொல்றாங்க, நானும் ஒரு கருத்தை எடை போடறப்போ இதைத்தான் வெச்சுப் பார்க்கிறேன்.

மாற்றுப் பள்ளிகள் இதுக்கு ஒரே பதிலை வெச்சிருக்கிறதா நெனைச்சுக்க வேண்டாம். 1907-ல ரோம்ல ஆரம்பிச்ச மாண்டிசோரி முறையில தப்பைக் காட்டுற வேலையை ஆளுகிட்ட விடாம பொருள்கிட்டயே விட்டுட்டாங்க, மரக்கட்டையில இருக்கிற குழிகள்ல உருளைங்களைப் பொருத்துறப்போ ஒண்ணு தப்பா போனா கடைசி உருளை உட்காராது, பிள்ளையே திரும்ப எடுத்துப் பார்க்கும், டீச்சர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்ல. 1919-ல ஸ்டுட்கார்ட்ல தொடங்கின வால்டோர்ஃப் பள்ளிகள்ல சின்ன வகுப்புகளுக்கு மார்க்குக்குப் பதிலா பிள்ளையைப் பத்தி டீச்சர் எழுதுற அறிக்கைதான். 1921-ல ஏ. எஸ். நீல்ங்கிறவர் ஆரம்பிச்ச சம்மர்ஹில் பள்ளியில வகுப்புக்கு வர்றதே பிள்ளையோட இஷ்டம், ஆனா பள்ளிக் கூட்டத்துல பெரியவங்களுக்கும் சின்னவங்களுக்கும் ஆளுக்கொரு ஓட்டு, ஒருத்தர் நடந்துக்கிட்டதைப் பத்தி மத்தவங்க நேர்ல பேசுறது அங்க அன்றாட வேலை. கல்லூரி அளவுல சாந்தா குரூஸ்ல இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1965-லயும், ஹாம்ப்ஷயர் 1970-லயும், எவர்கிரீன் 1971-லயும் மாணவர்களைச் சேர்த்துக்கிட்டு எழுத்து மதிப்பீடுன்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, ஒவ்வொரு மாணவர் பத்தியும் பேராசிரியர் பத்தி பத்தியா எழுதணும். இதுல சாந்தா குரூஸ் கதை ஒரு எச்சரிக்கை. மாணவர் எண்ணிக்கை ஏற ஏற எழுதுற பாரம் தாங்கல, 2000 வாக்குல அங்க ஏ, பி, சி கிரேடு கட்டாயமாயிடுச்சு. நோக்கம் நல்லா இருந்தும் வேலையெல்லாம் ஒரே ஆள் தலையில விழுந்தா அந்த ஏற்பாடு நிலைக்காது.

டீச்சர் ஒருத்தரால ஒவ்வொரு டிராஃப்டுக்கும் ஆழமா கருத்து எழுத முடியாது, பக்கத்துல இருக்கிற பிள்ளைங்க எழுதினா? இந்த இடத்துலதான் சக மாணவர் கருத்துக்குள்ள பல பேர் வந்து சேர்றாங்க, டீச்சர் பாரத்தைக் குறைக்கிற வழியா. அந்தக் காரணத்தோட மட்டும் வந்தா அது சட்டாம்பிள்ளை முறையாத்தான் முடியும். இதுக்கு வரலாறே இருக்கு. மெட்ராஸ்ல எழும்பூர் ஆண்கள் அனாதை இல்லத்துல பொறுப்புல இருந்த ஆண்ட்ரூ பெல், பெரிய பசங்களை வெச்சு சின்னப் பசங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குற முறையை அமைச்சு 1797-ல அதைப் பத்தி எழுதி வெளியிட்டார், மெட்ராஸ் முறைங்கிற பேர்ல அது இங்கிலாந்து வரைக்கும் போய்ப் பரவிச்சு. ஒரு வாத்தியாரை வெச்சு நூத்துக்கணக்கான பிள்ளைங்களை ஓட்டலாம்ங்கிற சிக்கனம்தான் அதுக்குப் பெரிய கவர்ச்சி. மேல இருக்கிறவன் கீழ இருக்கிறவனை ஒப்பிக்க வெச்சு சரியா தப்பான்னு பார்க்கிறது அந்த முறை. இன்னைக்கு மாற்று வகுப்பறையில நாம பேசுற சக கருத்து வேற, இதுல மேல கீழன்னு யாரும் இல்ல, கருத்து சொல்றவர் நீதிபதி ஸ்தானத்துல இல்ல, வாசகர் ஸ்தானத்துல இருக்கார். இந்த வித்தியாசம் நழுவிட்டா மிச்சம் எல்லாமே நழுவிடும்.

தெரியாத பிள்ளை தெரியாத பிள்ளைக்கு என்ன சொல்ல முடியும்ங்கிற கேள்விக்கு வர்றேன். நியூசிலாந்துல கிரஹாம் நூட்டால்ங்கிற ஆய்வாளர் பிள்ளைங்களுக்கு மைக் மாட்டி வகுப்புல அவங்க தங்களுக்குள்ள என்ன பேசிக்கிறாங்கன்னு வருஷக்கணக்கா பதிவு பண்ணினார். ஒரு பிள்ளைக்குத் தன் வேலையைப் பத்திக் கிடைக்கிற ஃபீட்பேக்ல பெரும்பகுதி டீச்சர்கிட்டேர்ந்து வர்றதில்ல, மத்த பிள்ளைங்ககிட்டேர்ந்துதான் வருது, அதுலயும் பெரும்பகுதி தப்பு. இதைப் படிச்சுட்டு அப்போ சக கருத்தே வேண்டாம்னு முடிவு பண்ணினா அவர் சொன்னதைத் தலைகீழா புரிஞ்சுக்கிட்டோம்னு ஆகும், ஏன்னா நாம அனுமதிச்சாலும் இல்லாட்டியும் அது நடந்துக்கிட்டேதான் இருக்கு, பெஞ்சுக்கு அடியில, இடைவேளையில, நோட்டை எட்டிப் பார்க்கிறப்போ. கேள்வி, அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பழக்கப் போறோமா, அப்படியே விடப் போறோமாங்கிறதுதான்.

பழக்கினா யாருக்கு லாபம்? கருத்து வாங்குறவருக்குன்னு எல்லாரும் நெனைப்போம். லண்ட்ஸ்ட்ராம், பேக்கர்னு ரெண்டு பேர் 2009-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, இரண்டாம் மொழியில எழுதக் கத்துக்கிற மாணவர்கள்ல ஒரு பகுதியினர் மத்தவங்க கட்டுரைக்குக் கருத்து சொல்ல மட்டும் பழகினாங்க, இன்னொரு பகுதியினர் வந்த கருத்தை வெச்சுத் திருத்த மட்டும் பழகினாங்க. கருத்து சொன்னவங்களோட சொந்த எழுத்துதான் கூட முன்னேறிச்சு. காரணம் யோசிச்சா புரியும். ராய்ஸ் சாட்லர்ங்கிற ஆஸ்திரேலிய அறிஞர் 1989-லயே இதுக்கு அடித்தளம் போட்டிருக்கார்: தன் வேலையைத் தானே உசத்திக்கணும்னா ஒரு மாணவருக்கு நல்லதுன்னா எப்படி இருக்கும்னு தெரியணும், தன்னோடது அதுலேர்ந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு பார்க்கத் தெரியணும், அந்தத் தூரத்தைக் குறைக்க ஏதாவது பண்ணத் தெரியணும். தான் எழுதினதை மட்டுமே பார்த்துக்கிட்டிருந்தா முதல் விஷயமே கைக்கு வராது. தான் எழுதினதுல என்ன சொல்ல வந்தோம்னு மனசுக்குத் தெரியும், அதனால தாளில இல்லாததையும் சேர்த்துப் படிச்சுக்குவோம். அடுத்தவர் எழுதினதைப் படிக்கிறப்போதான் ஓட்டை கண்ணுக்குப் படும், இங்க ஏதோ விட்டுப்போச்சேன்னு தோணும், அப்படியே நம்ம தாளுக்குத் திரும்பினா அதே ஓட்டை நம்மகிட்டயும் இருக்கும். டீச்சர் பல வருஷமா நூத்துக்கணக்கான தாளைப் படிச்சுத்தான் அந்தக் கண்ணைச் சம்பாதிச்சிருக்கார், பிள்ளைங்களுக்கு அந்த வாய்ப்பையே நாம குடுக்கிறதில்ல.

சின்னப் பிள்ளைங்களால முடியுமான்னு கேக்கிறவங்களுக்கு ரான் பெர்கர்ங்கிற அமெரிக்க ஆசிரியர் எடுத்துக் காட்டுற உதாரணம் ஒண்ணு இருக்கு. ஐடஹோ மாநிலத்துல ஒண்ணாவது படிக்கிற ஒரு பையன், புலிவரி வண்ணத்துப்பூச்சி ஒண்ணை போட்டோவைப் பார்த்து வரையணும். முதல் படம் அந்த வயசுப் பிள்ளைங்க வழக்கமா வரையிற பொதுவான வண்ணத்துப்பூச்சிதான். மத்த பிள்ளைங்க போட்டோவையும் படத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, இறக்கை இவ்வளவு உருண்டையா இல்ல, முக்கோணம் மாதிரி இருக்குன்னாங்க. அடுத்த தடவை வடிவம், வடிவம் சரியானதும் உள்ள இருக்கிற கோடுகள்னு போய் ஆறாவது டிராஃப்ட்ல வந்து நின்ன படம் அறிவியல் புத்தகத்துல போடுற மாதிரி இருந்துச்சு. கருத்து சொன்னதும் ஆறேழு வயசுப் பிள்ளைங்கதான். அன்பா சொல்லு, குறிப்பா சொல்லு, உதவுற மாதிரி சொல்லு, பெர்கர் வெச்சிருக்கிற விதி இவ்வளவுதான். இதுல நான் ரொம்ப மதிக்கிற இடம், முதல்ல வடிவத்தை மட்டும் பார்ப்போம், கோடுகளை அப்புறம் பார்ப்போம்னு பிரிச்சது. எல்லாத்தையும் ஒரே நேரத்துல சொல்லியிருந்தா அந்தப் பையன் பென்சிலைக் கீழ வெச்சிருப்பான்.

குறிப்பா சொல்றதுன்னா என்னன்னு பிள்ளைங்களுக்கு வாயால விளக்கினா ஏறாது, காட்டணும். தண்ணி ஆவியாகுற சோதனையைப் பத்தி ஒரு பிள்ளை எழுதியிருக்குன்னு வைங்க. "நல்லா இருக்கு, இன்னும் விவரமா எழுதலாம்"னு வந்தா அதை வெச்சு எதுவும் பண்ண முடியாது. "மூணாவது பத்தியில தண்ணி எவ்வளவு குறைஞ்சுதுன்னு சொல்றே, எத்தனை மணி நேரத்துலன்னு சொல்லலை, அதனால வேகமா மெதுவான்னு எனக்குப் புரியல"ன்னு வந்தா உடனே உட்கார்ந்து திருத்தலாம். கணக்குலயும் இது நடக்கும், கணக்குல கருத்துக்கு எங்க இடம்னு கேக்கிறவங்க கவனிக்கணும். 1/2-உம் 1/3-உம் கூட்டினா 2/5-னு ஒரு பிள்ளை போட்டிருக்கு, பக்கத்துப் பிள்ளை தப்புன்னு அடிச்சுட்டு 5/6-னு எழுதிக் குடுத்துட்டா அங்க முடிஞ்சுடும். அதுக்குப் பதிலா "2/5 பாதியை விடக் கம்மிதானே, பாதியோட இன்னொண்ணைக் கூட்டினப்புறம் பாதியை விட எப்படிக் கொறையும்?"னு கேட்டா, பதிலைச் சொல்லாமலே யோசிக்க வெச்சாச்சு. இப்படிக் கேக்கத் தெரியணும்னா கேக்கிற பிள்ளைக்குப் பின்னம் மனசுல படமா ஓடணும், அதுவே ஒரு பயிற்சி.

இது தானா வராது. ஆளுக்கொரு தாளை மாத்திக் குடுத்து கருத்து எழுதுங்கன்னு சொல்லிட்டா வர்றது நாலு "சூப்பர்", ரெண்டு எழுத்துப்பிழை, அவ்வளவுதான். நல்லா நடக்குற வகுப்புகள்ல முதல்ல யாரோட பேரும் இல்லாத ஒரு மாதிரித் தாளை, போன வருஷத்துப் பிள்ளைங்க யாராவது சம்மதத்தோட விட்டுட்டுப் போனதை, எல்லாரும் சேர்ந்து படிச்சுக் கருத்து சொல்லிப் பழகுறாங்க, அங்க யார் மனசும் நோகாது. ரெண்டு மூணு தாளை தரத்துக்கு ஏத்த மாதிரி வரிசைப்படுத்தச் சொல்லி, ஏன் இது அதை விட நல்லா இருக்குன்னு பேச வெச்சு, அந்தப் பேச்சுலேர்ந்தே அளவுகோலை எழுதி எடுக்குறாங்க, டீச்சர் ரெடிமேடா ஒரு ரூப்ரிக்கை, அதாவது எதுக்கு எவ்வளவுன்னு சொல்ற அளவுகோல் பட்டியலை, ஒட்டி வைக்கிறதை விட இது எவ்வளவோ மேல், ஏன்னா அதுல இருக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னாடி ஒரு உதாரணம் பிள்ளைங்க மனசுல இருக்கும். அப்புறம் மூணு நாலு பேர் கொண்ட சின்னக் குழு. எழுதினவர்தான் முதல்ல பேசணும், "என் முடிவுரை சப்புன்னு இருக்குற மாதிரி இருக்கு, அதைப் பாருங்க"ன்னு தனக்கு எதுல உதவி வேணும்னு கேக்கணும். அப்புறம் அவர் சும்மா இருந்து குறிச்சுக்கணும், பதில் சொல்லவோ தற்காத்துக்கவோ கூடாது. மத்தவங்க தீர்ப்பு சொல்லாம, படிக்கிறப்போ தனக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லணும், இங்க எனக்குக் குழம்பிடுச்சு, இங்க அடுத்து என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு, இந்த வரியை ரெண்டு தடவை படிச்சேன்னு. எழுத்து வகுப்புகளுக்கு இந்த வாசகர் சார்ந்த முறையைப் பெரிசா கொண்டு வந்தவர் பீட்டர் எல்போ, இதுல ஒரு பெரிய சௌகரியம், பாடத்துல கெட்டியா இல்லாத பிள்ளையும் வாசகரா இருக்க முடியும், எனக்குப் புரியலைன்னு அந்தப் பிள்ளை சொல்றதுல தப்பே இருக்க முடியாது.

கடைசியா ஒரு படி, இதைத்தான் பெரும்பாலும் விட்டுடறாங்க. எழுதினவர் திருத்தின டிராஃப்டோட ஒரு சின்னக் குறிப்பும் வைக்கணும், வந்த கருத்துல எதை எடுத்துக்கிட்டேன், எதை எடுத்துக்கலை, ஏன். எடுத்துக்காம விடுற உரிமை இருக்குன்னு தெரிஞ்சா பிள்ளைங்க கருத்தைப் பார்த்துப் பயப்படுறது குறையுது, தப்பான கருத்து வந்தாலும் அது நேரா தாளுக்குள்ள போறதில்ல, நடுவுல ஒரு சல்லடை இருக்கு. டீச்சர் வேலை அப்போ ஒவ்வொரு டிராஃப்டையும் திருத்துறதா இல்லாம, இந்தக் கருத்துகளையும் குறிப்புகளையும் படிச்சுக் கருத்தோட தரத்தைப் பத்திக் கருத்து சொல்றதா மாறுது.

சரி, இவ்வளவு நல்லா பார்க்கத் தெரிஞ்ச பிள்ளைங்க மார்க்கும் போட்டா என்ன? போட முடியாதுன்னு நான் சொல்லல. ஃபால்சிகோவ், கோல்ட்ஃபின்ச்னு ரெண்டு பேர் 2000-ல 48 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, உயர்கல்வியில மாணவர்கள் போட்ட மார்க்கும் ஆசிரியர் போட்ட மார்க்கும் ஓரளவு நல்லாவே ஒத்துப்போச்சு, சராசரி ஒட்டுறவு 0.69 (முழுசா ஒத்துப்போனா 1). அளவுகோல் எல்லாருக்கும் தெளிவா புரிஞ்சு, மொத்தமா ஒரு மதிப்பீடு கேட்டப்போ இன்னும் நல்லா ஒத்துப்போச்சு. ஆக திறமை பிரச்சனை இல்ல. உறவுதான் பிரச்சனை. சக மாணவர் மார்க்ல வர்ற கோளாறுகளை பாண்டும் கூட்டாளிகளும் 1995-லயே பட்டியல் போட்டிருக்காங்க, நட்புக்காக அள்ளிப் போடுறது, குழுவே பேசி வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி போடுறது, சத்தமா பேசுறவங்களுக்கு அதிகம் போடுறது, வேலையே பண்ணாதவர் குழு மார்க்ல ஒட்டிக்கிறது. இதெல்லாம் போக இன்னொண்ணு இருக்கு. நான் சொல்ற குறை உன் மார்க்கைக் குறைக்கும்னா நான் குறையைச் சொல்ல மாட்டேன், இல்ல எனக்கு உன்னைப் பிடிக்கலைன்னா குறையை மட்டும்தான் சொல்வேன். நேர்மையா ஒரு ஓட்டையைக் காட்டுறதுக்கு முதல் நிபந்தனையே அதனால யாருக்கும் சேதாரம் வரக் கூடாதுங்கிறது, மார்க் வந்ததும் அது போயிடுது. வகுப்புல ஏற்கெனவே ஒதுக்கப்படுற பிள்ளைக்கு, அது எந்தக் காரணத்துக்காக ஒதுக்கப்பட்டாலும், சக மார்க்ங்கிறது அந்த ஒதுக்கலுக்கு ஒரு அதிகாரப்பூர்வ முத்திரை ஆயிடும். இதுக்கு எந்த ரூப்ரிக்கும் மருந்து இல்ல.

அப்போ வருஷக் கடைசியில நிர்வாகம் கேக்கிற கிரேடை எங்கேர்ந்து கொண்டு வர்றது? முழுக்க மார்க் இல்லாத பள்ளி ரொம்ப கம்மி, பெரும்பாலான மாற்று வகுப்புகள் வழக்கமான ஒரு நிறுவனத்துக்குள்ள ஒரு ஓரமாத்தான் நடக்குது, கிரேடு குடுத்தே ஆகணும். இதுக்குப் பல வழி புழக்கத்துல இருக்கு. கிரேடிங் கான்ட்ராக்ட்னு ஒண்ணு, வருஷ ஆரம்பத்துலயே டீச்சர் நிபந்தனைகளை ஒரு ஒப்பந்தமா எழுதி மாணவர்கள்கிட்ட குடுத்துடறார், எல்லா டிராஃப்டும் குடுத்து, கருத்து சொல்ற அமர்வுகளுக்கு வந்து, திருத்தி எழுதினா பி கிரேடு நிச்சயம், தரத்தைப் பத்தின பேச்சு பிக்கு மேல போறதுக்குத்தான். எல்போவும் டேனியலெவிட்ஸும் 2009-ல விவரிச்சது இந்த வடிவம். அசாவ் இனோவேங்கிறவர் இன்னும் ஒரு படி மேல போய் உழைப்பை மட்டுமே கணக்குல எடுக்குறார், ஏன்னா தரம்னு நாம சொல்றது பல நேரம் வீட்டுல எந்த மொழி பேசுறாங்கங்கிறதைத்தான் அளக்குதுங்கிறது அவரோட வாதம். அந்த வாதத்துல நிறைய உண்மை இருக்கு, ஆனா உழைப்பை நேரத்தால அளந்தா வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிற, உடம்பு முடியாத, மெதுவாப் படிக்கிற பிள்ளைக்கு அது வேற மாதிரி அநியாயமா வந்து முடியும்னு எழுந்த விமர்சனத்தையும் ஒதுக்க முடியாது. இன்னொரு வழி ஒவ்வொரு வேலைக்கும் நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதி, நிறைவேறிச்சு இல்லன்னா இன்னும் இல்லன்னு ரெண்டே முடிவு, இன்னும் இல்லன்னா திரும்பக் குடுக்கலாம். எனக்குப் பிடிச்ச வழி மூணாவது, பிள்ளை தன் டிராஃப்டுகளையும் வந்த கருத்துகளையும் தான் எழுதின குறிப்புகளையும் ஒரு ஃபைல்ல சேர்த்து வெச்சு, பருவக் கடைசியில டீச்சரோட உட்கார்ந்து இதுக்கு நான் எந்த கிரேடுக்குத் தகுதின்னு ஆதாரத்தோட பேசுறது. இதுல ஒரு விஷயத்துல டீச்சர் கண்ணைத் திறந்து வெச்சிருக்கணும், தன்னம்பிக்கையா வளர்க்கப்பட்ட பிள்ளை தயங்காம ஏ கேக்கும், நல்லா பண்ணியிருந்தும் சில பிள்ளைங்க தனக்குத் தானே கம்மியா போட்டுக்கும், அதை அப்படியே எழுதிக்கிட்டா நாம நியாயம்னு நெனைச்சு அநியாயத்தைப் பதிவு பண்றோம்.

மார்க் இல்லன்னா பிள்ளைங்க படிக்காதுங்கிற பயம் பெத்தவங்களுக்கு இருக்கும், அவங்களைக் குத்தம் சொல்றதுக்கில்ல, அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே அடையாளம் அந்த நம்பர்தான். நார்வேயில ஏழாம் வகுப்பு வரைக்கும் முறையான கிரேடே கிடையாது, பிள்ளைங்க படிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஸ்வீடன்ல 1970-கள்ல ஆறாம் வகுப்புக்கு கிரேடு போடலாமா வேண்டாமான்னு ஒவ்வொரு நகராட்சியும் தானே முடிவு பண்ணிக்க முடிஞ்சுது, அதை வெச்சு அல்லி கிளாப்ங்கிற ஆய்வாளர் பின்னாடி ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கிரேடு வாங்கினவங்கள்ல, ஏற்கெனவே பின்தங்கியிருந்த பிள்ளைங்கதான் அடுத்த வகுப்புகள்ல இன்னும் கீழ போனாங்க, மேல்நிலைப் படிப்பை முடிக்கிற வாய்ப்பும் அவங்களுக்குக் குறைஞ்சுது. யாரைப் படிக்க வைக்கணும்னு மார்க் போடறோமோ அந்தப் பிள்ளைங்களையே அது தள்ளி விடுது.

அதே சமயம் மார்க்கை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றவங்களோடயும் நான் சேர மாட்டேன். நம்பர் இல்லாத இடத்துல அளவுகோலும் இல்லன்னா, வீட்டுல படிச்சவங்க இருக்கிற பிள்ளை டீச்சர் என்ன எதிர்பார்க்கிறார்னு மோப்பம் பிடிச்சுக்கும், முதல் தலைமுறையா படிக்க வர்ற பிள்ளை கடைசி வரைக்கும் இருட்டுல தடவிக்கிட்டிருக்கும். எழுத்துல வர்ற மதிப்பீடும் பூசி மெழுகினதா இருந்தா, "முயற்சி செய்கிறாள், இன்னும் ஈடுபாடு காட்டலாம்"ங்கிற மாதிரி, அது மார்க்கை விட மோசம், மார்க்காவது எங்கயோ குறை இருக்குன்னு நேரா சொல்லும். அதனாலதான் மாதிரித் தாள், சேர்ந்து எழுதின அளவுகோல், பல டிராஃப்ட் இதெல்லாம் அலங்காரம் இல்லாம அடிப்படையா வேணும்ங்கிறேன். இதுக்கு நேரம் பிடிக்கும், பத்துப் பாடத்தை மேலோட்டமா முடிக்கிற நேரத்துல ஆறு பாடம்தான் நடக்கும், முதல் சில வாரம் கருத்துகள் வெறும் பாராட்டாவும் எழுத்துப்பிழையாவும்தான் இருக்கும், அந்தக் கட்டத்துல நிறைய பேர் இது சரிப்படாதுன்னு விட்டுடறாங்க.

மொத்தப் பாடத்திட்டத்தையும் மாத்துற அதிகாரம் இல்லாத ஆசிரியர்கூட ஒரு அசைன்மென்ட்ல இதைப் பண்ணிப் பார்க்கலாம். மார்க் போடுற தேதியைத் தள்ளி வெச்சுட்டு, அதுக்கு முன்னாடி ஒரு டிராஃப்ட், ஒரு குழு அமர்வு, எழுதினவரோட ஒரு குறிப்பு. அமர்வுக்கும் கடைசித் தாளுக்கும் நடுவுல குறைஞ்சது மூணு நாலு நாள் விடணும், முந்தின நாள் வந்து சேர்ற கருத்தை வெச்சு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.